வண்டி நிறுத்தத் தடையில்லை

அந்தச் சீட்டுல உக்காரு அம்மிணி. பழைய சீட்டுன்னு பயப்படாதே, ஆட்டங் காணாது. கொஞ்சம் தள்ளி உக்காந்துக்க, பதினோரு மணிக்கு மேல அந்தச் சன்னல் பக்கம் வெயில் அறையும். மோர் குடிக்கறயா? சில்லுனு இருக்காது, முன்னாலயே சொல்லிப்போடறேன்.

இந்த வண்டியை ஊடாக் கட்டிக் கொடுத்த கரூர் ரபீக் போன் பண்ணிச் சொன்னான். "அக்கா, கோயமுத்தூர்ல இருந்து ஒரு அம்மிணி வரும். புருஷனும் பொண்டாட்டியும் பழைய ஸ்கூல் பஸ்ஸு ஒண்ணு வாங்கி ஊடாக்கிக்கலாம்னு இருக்காங்க. உங்க வண்டியைக் காட்டுங்க"ன்னான். காட்டறதுக்கு என்ன? பாரு. அடுப்பைப் பாரு, கட்டிலைப் பாரு, வெளிய போயிச் சோலார் தகட்டையும் பாரு. மூணு வருஷம் ஆச்சு, ஒரு ஆணி பேந்துக்கிட்டு வரலை. ரபீக் வேலைன்னா வேலைதான்.

ஆனா நீ வந்ததும் வராததுமாக் கேட்டே பாரு, "கரண்டே இல்லாம வாழணும்னு உங்களுக்கு எப்படிம்மா தோணுச்சு"ன்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தோணலை அம்மிணி. ஆருக்குத் தோணும்? என்ற தம்பி தோண வச்சான்.

அதோ தெரியுது பாரு, ஓட்டு ஊடு, முன்னால ஒரு காங்கிரீட்டுத் தார்சு சேத்துக் கட்டியிருக்குது, அதுதான் அவன் ஊடு. எங்கய்யன் கட்டுனது. எங்கப்பாவைத்தான் சொல்றேன். நான் பொறந்த ஊடு அது. ஈஸ்வரமூர்த்தின்னு பேரு அவனுக்கு, எனக்கு எட்டு வருஷம் எளையவன். எங்கம்மா காட்டு வேலைக்குப் போயிட்டா இந்த இடுப்புலதான் கெடப்பான். எனக்கு அஞ்சாவதோட பள்ளிக்கூடம் நின்னதே அவனைப் பாத்துக்கறதுக்குத்தான்.

எங்கய்யன் செத்தப்பறம் பங்கு கேட்டேன். தப்பா? "உனக்குத்தான் கண்ணாலத்துக்கு நகை போட்டு அனுப்பியாச்சே"ன்னான். சட்டத்துல எனக்கும் பாதி இருக்குதுன்னேன். "அப்பச் சட்டத்துகிட்டயே போயி வாங்கிக்க"ன்னான். அந்த ஒரு சொல்லு அம்மிணி. அந்த ஒரு சொல்லுக்குத்தான் ஏழு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தேன். நாலு நாள் கழிச்சு ஊடு தேடி வந்தான், "கோவத்துல சொல்லிப்போட்டேன்க்கா, வா பேசிக்கலாம்"னான். அதுக்குள்ள நான் வக்கீலைப் பாத்துட்டேன். வக்கீலைப் பாத்தப்பறம் என்ன பேச்சு வேண்டிக் கெடக்குது?

தீர்ப்பு என்ற பக்கம்தான் வந்துச்சு. எண்பது சென்ட் எனக்கு. ஊடும் கெணறும் அவன் பக்கம், எனக்கு இந்தக் கடைசி மூலை. கெடைக்கட்டும், என்ற மண்ணு. சரி, ரெண்டு ரூம் போட்டுக் குடிவரலாம்னு கடக்கால் தோண்டக் கயிறு புடிச்சேன். அவன் அப்பீலுக்குப் போயிட்டான். நான் கோர்ட்டுச் செலவையும் அவன்தான் கொடுக்கோணும்னு ஒரு மனுப் போட்டிருந்தேன், அதுல ரோசம் வந்துருச்சாமா அவனுக்கு. அப்பீல் முடியற வரைக்கும் இந்தப் பூமியில ஆரும் கட்டடம் கட்டக்கூடாதுன்னு தடை வாங்கிட்டான். கட்டடம் இல்லைன்னா கரண்டும் இல்லை. அப்படியே கேட்டாலும் கம்பி அவன் காட்டு மேலதான் வரோணும், அதுக்கு அவன் கையெழுத்துப் போடோணும்.

எங்க ஊட்டுக்காரரு அப்பத்தான் வேலையை விட்டு நின்னிருந்தாரு. இருபத்திரண்டு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்துல பஸ் ஓட்டுனவரு. சென்னியப்பன்னு பேரு. அதிர்ந்து பேச மாட்டாரு. "துளசி, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு வாடகை ஊடு பாத்துக்கலாம். வெடியால எந்திரிச்சு ஒரு டீக்கடைக்கு நடந்து போலாம். நாலு மனுசங்களைப் பாக்கலாம்"னாரு. டீக்கடை! ஏழு வருஷம் கேஸ் நடத்துனது டீக்கடைக்கா? நாம இங்க குடியிருக்கலைன்னா நெலம் அவன் அனுபவத்துலதான் இருக்குதுன்னு நாளைக்குச் சொல்லுவானில்ல? யமுனா, எங்க புள்ளை, ஓசூர்ல இருக்கறா, அவளும் "எங்ககூட வந்து இருங்கம்மா"ன்னா. மருமகன் ஊட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு நான் கேஸ் நடத்தறதா?

அப்பத்தான் இந்த வண்டி. பதினஞ்சு வருஷம் முடிஞ்சு போச்சு, இனி எஃப்சி கெடைக்காதுன்னு பள்ளிக்கூடத்துல பழைய இரும்புக்குப் போடறதா இருந்தாங்க. எங்க ஊட்டுக்காரரு ஓட்டுன வண்டி. அவர் வந்து வெசனமாச் சொன்னாரு, "என்ற வண்டியை ஒடைக்கப் போறாங்க"ன்னு. எனக்குப் பளிச்சுனு பட்டுச்சு. கட்டடம் கட்டக்கூடாதுன்னுதானே தடை? வக்கீலுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.  அந்த மனுசன் சிரிச்சான். "வண்டி நிறுத்தத் தடையில்லைம்மா"ன்னான்.

இரும்பு வெலைக்கே கொடுத்தாங்க. எங்க ஊட்டுக்காரரே ஓட்டிக்கிட்டு வந்தாரு. அந்தக் குறுகலான இட்டேரித் தடம் முழுக்க வேலி மரத்துக் கெளை உரசுது, நான் முன்னால அருவாளைப் புடிச்சுக்கிட்டு நடந்து கெளையை வெட்டி வெட்டி விடறேன். மஞ்சள் பஸ்ஸு ஆடி ஆடி வருது. ஊரே வேடிக்கை பாக்குது. தம்பி அவன் தோட்டத்து வாசல்ல வந்து நின்னான்.

"என்னக்கா இது?"

"கண்ணு தெரியலையா? வண்டி."

"இதுலயா இருக்கப் போறீங்க?"

"ஆமா. போயி உன்ற வக்கீலைக் கேளு. வண்டி நிறுத்தத் தடையில்லை."

அவன் என்னைப் பாக்கலை. பஸ்ஸுக்குள்ள உக்காந்திருந்த மாமனைப் பாத்தான். "மாமாவுக்குச் சக்கரை இருக்குது. தகர வண்டி இது, அக்கா. சித்திரை வெயில் தாங்குவாரா?"ன்னான். பாத்தியா, எப்படிப் பேசறான்னு? தடை வாங்கும்போது மாமனுக்குச் சக்கரை இருந்தது தெரியலை. நான் ஜெயிச்சுட்டேன்னு தெரிஞ்சதும் சக்கரை ஞாபகம் வந்துருச்சு.

இங்க கொண்டுவந்து நிறுத்தினதும் நான் எறங்கிக் கற்பூரம் பத்த வச்சேன். எங்க ஊட்டுக்காரரு இஞ்சினை அணைச்சுட்டு ஸ்டீரிங்கைப் புடிச்சபடியே உக்காந்திருக்கறாரு. அரை மணி நேரம். "எறங்குங்க"ன்னா, "இரு துளசி, எறங்கறேன்"னாரு. வயசாயிருச்சு, இட்டேரியில ஓட்டுன களைப்பு.

அப்புறம் ரபீக் வந்தான். நீ இதையெல்லாம் நல்லாக் கேட்டுக்க அம்மிணி, உனக்கு உதவும். சீட்டு மொத்தம் நாப்பத்திரண்டு. போல்ட்டு எல்லாம் துருப்புடிச்சுப் போச்சு, கழட்ட முடியலை, மெஷின் வச்சு அறுத்தான். நீ உக்காந்திருக்கறது மட்டும் மீதி. சீட்டுக்கு அடியில கொழந்தைங்க விட்டுட்டுப் போனது அத்தனை கெடந்துச்சு, ரப்பரு, ஹேர்பின்னு, டிபன் டப்பா மூடி. எங்க ஊட்டுக்காரரு ஒவ்வொண்ணாப் பொறுக்கி, "இது அந்தக் கடைசி ஸ்டாப்புக் கொழந்தையோடது"ன்னு சொல்லிச் சொல்லி ஒரு டப்பாவுல போட்டாரு. எடத்தை அடைக்குதுன்னு நான்தான் ஒருநாள் கொட்டிப்போட்டேன். கூரைக்குத் தெர்மகோல் வச்சு அதுக்கு மேல பிளைவுட்டு. தரைக்கு ரெண்டு அடுக்கு. மேல வெள்ளைப் பெயிண்டு, மூணு கோட்டிங் அடிக்கோணும், ஒரு கோட்டிங்ல நிறுத்தினா அவ்வளவுதான், வெந்து போயிருவே. கக்கூசு வெளிய தனியா இருக்கறதுதான் நல்லது. உள்ள வைக்காதே, எவன் சொன்னாலும் வைக்காதே.

டிரைவர் சீட்டு இருக்கற எடத்துல அடுப்பு வச்சா நல்லாக் காத்தோட்டமா இருக்கும்னு நான் நெனைச்சேன். "ஸ்டீரிங்கை மட்டும் விட்டுரு துளசி"ன்னாரு. சரின்னு விட்டேன். அந்த மனுசன் கேட்டது அது ஒண்ணுதான், நான் மாட்டேன்னு சொல்லலையே? இப்பத் துணி காயப்போட வசதியா இருக்குது.

சோலாருக்குப் பெருந்துறையில இருந்து ஒரு ஆள் வந்தான். ரெண்டு தகடு, ஒரு பேட்டரி. மூணு பல்பு, ஒரு காத்தாடி, போன் சார்ஜு. "பிரிட்ஜு வைக்கறதா இருந்தா இன்னும் ரெண்டு தகடு, ஒரு பேட்டரி சேத்துப் போட்டுக்கங்கம்மா, ஒரே வேலையா முடிச்சுத் தர்றேன்"னான். போட்டிருக்கலாம். ஆனா அந்தக் காசை வேலிக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தேன். பாத்தே இல்ல, அவன் பக்கம் முழுக்க முள்ளுக்கம்பி, ஏழு வரிசை? மாடு வந்துரும்னு சொல்லிக் கட்டினேன். அவனுக்கு மாடு இல்லை. ஆனா வேலி முக்கியம் அம்மிணி. எல்லை தெரியோணும்.

மொத வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. நீ நெனைக்கற மாதிரியே இருந்துச்சுன்னு வச்சுக்கயேன். சாயந்தரம் பொழுதோட காத்து வரும், ரெண்டு பேரும் வெளிய கட்டிலைப் போட்டு உக்காந்திருப்போம். நான் கேஸ் பத்திப் பேசுவேன், அவர் கேட்டுக்கிட்டிருப்பாரு.

ரெண்டாவது வருஷம் அவருக்குச் சக்கரை ஏறிப்போச்சு. மாத்திரை போதாது, ஊசி போடோணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெடியால ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. மருந்தைப் பிரிட்ஜுல வைக்கோணும்னாரு. ஏன், பிரிட்ஜு வர்றதுக்கு முன்னால மனுசன் மருந்தே போட்டதில்லையா? நான் பெரிய பானையில மணலைக் கொட்டி, தண்ணி ஊத்தி, நடுவுல சின்னச் சட்டி வச்சு, அதுக்குள்ள மருந்தை வச்சேன். தொட்டுப் பாத்தா சில்லுனு இருக்கும்.  

அப்புறம் பாத்தா, டெய்லி வெடியால வாக்கிங் போறேன்னு கெளம்பறாரு. பொழுதோடயும் போறாரு. ஊசியை நான் தண்ணிக்குப் போற நேரத்துல போட்டுக்கறாருன்னு நெனைச்சுக்கிட்டேன். நல்லதுதானே, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கறாருன்னு நானும் விட்டுட்டேன். போயிட்டு வந்தா முகம் தெளிச்சியா இருக்கும். பங்குனி முடிய அப்படியே போச்சு.

ஒருநாள் வேலிக்கு அக்கட்ட, அவங்க பக்கம் நின்னு கோகிலா கூப்பிடறா. என்ற தம்பி பொண்டாட்டி. அதுவரைக்கும் அவ என்ற பக்கம் தலையைத் திருப்புனதில்லை. நான் உள்ள இருக்கறது தெரியாம இவரை, "அண்ணா, மணி எட்டரை ஆச்சு. ஊசி போட இன்னும் வரலையே, இட்லி ஆறிப்போகுது"ங்கறா.

எனக்கு ஒண்ணும் புரியலை. அவர் கட்டில்ல உக்காந்து செருப்பு மாட்டிக்கிட்டிருந்தாரு. மாட்டின செருப்பைக் கழட்டி வச்சாரு.

"எங்க ஊசி போடறீங்க?"ன்னேன்.

"மருந்தை அங்க பிரிட்ஜுல வச்சிருக்கறேன்."

"ஆரு ஊட்டுப் பிரிட்ஜுல?"

"துளசி, மருந்துக்கு எந்த ஊட்டுப் பிரிட்ஜுன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியுமில்ல?"ன்னேன். "பானையில என்ன இருக்குது அப்ப? நான் டெய்லி தண்ணி ஊத்திக்கிட்டிருக்கறனே?"

"காலி சீசா"ன்னாரு.

ஒன்றரை மாசம் அம்மிணி! காலி சீசாவுக்கு நான் தண்ணி ஊத்திக்கிட்டிருந்திருக்கறேன். அங்க போயி ஊசி போட்டு, அவ கையில இட்லி தின்னு, டிவியில நியூஸ் பாத்துட்டு, போனைச் சார்ஜு போட்டு எடுத்துக்கிட்டு வர்றாரு. நான் இங்க ஒத்தையில உக்காந்து பேட்டரி எவ்வளவு இருக்குதுன்னு பாத்துக்கிட்டிருக்கறேன். நீயே சொல்லு, இதை என்னன்னு சொல்றது? ஊரு என்ன சொல்லும்? அக்காக்காரி கேஸ் நடத்தறா, புருஷன் எதிராளி ஊட்டுல இட்லி திங்கறான்னு சொல்லாதா? நாளைக்குக் கோர்ட்டுல அவன் வக்கீலு கேக்க மாட்டானா?

அன்னிக்கு நான் அழுதேன். பொய் சொல்லலை. "உங்களுக்கு நான் வேணுமா, அந்தப் பிரிட்ஜு வேணுமா?"ன்னு கேட்டேன்.  அவர் எந்திரிச்சுப் போனாரு. நான் நெனைச்சேன், அங்கயே போயிட்டாருன்னு. பத்து நிமிசத்துல திரும்பி வந்தாரு. கையில மருந்து டப்பா. கொண்டுவந்து அவரே பானைக்குள்ள வச்சாரு. "இனிப் போகலை துளசி, அழுகாதே"ன்னாரு.

போகவும் இல்லை. சொன்னாச் சொன்னதுதான் அந்த மனுசன். அதைச் சொல்லோணும்.

சித்திரை, வைகாசி. அந்த வருஷம் வெயிலுன்னா வெயிலு. தண்ணி லாரிக்காரன் வாரம் ஒருக்காத்தான் வருவான். குடிக்கவே அளந்துதான் ஊத்தோணும், ஒண்ணு ரெண்டு நாள் பானை மணலு காஞ்சிருக்கும், இல்லைங்கலை. ஆனா ஊசியை நேரம் தவறாமப் போட்டாரு. நானே பக்கத்துல இருந்து பாப்பேன். ஒரு வேளை தவறலை. அப்படிப் போட்டும் சோந்து சோந்து படுத்துக்கிட்டாரு. தண்ணி தண்ணின்னு கேப்பாரு.

அப்பத்தான் கால்ல முள்ளு ஏறுச்சு. வேலாமுள்ளு. சின்னதுதான், ஊக்குல எடுத்துப்போட்டோம். ஆறலை. நான் மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பத்துப் போட்டேன். டெய்லி போட்டேன் அம்மிணி, என்ன கொறை வச்சேன்? ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன், அந்த வாரம் வாய்தா இருந்துச்சு, முடிச்சுட்டுப் போலாம்னு இருந்தோம். வாய்தா தள்ளிப்போச்சு.

ஒருநாள் வெடியால எந்திரிச்சுப் பாத்தா ஒடம்பு கொதிக்குது. கூப்பிட்டாப் பேச்சு கொளறுது. கால் வெரலு கருத்துப் போச்சு. போனை எடுத்தேன், சார்ஜு இல்லை. மூணு நாளா மூட்டம், பேட்டரி எறங்கிக் கெடக்குது. நான் வெளிய வந்து நின்னு சத்தம் போட்டேன். ஆரையும் பேர் சொல்லிக் கூப்பிடலை. அவனைக் கூப்பிட்டேன்னு அவன் பொண்டாட்டி சொல்லிக்கிட்டுத் திரியறா. பொய்யி. நான் பொதுவாத்தான் கத்தினேன்.

அவன் ஓடியாந்தான். இந்த வேலி சுத்தி வரோணும்னா இட்டேரி வழியா கால் கிலோமீட்டர். அவன் சுத்தலை. கம்பியை ரெண்டு கையில புடிச்சு விரிச்சு உள்ள பூந்துட்டான். கையெல்லாம் கிழிஞ்சு ரத்தம். கார் வர்றதுக்குக் கல்லுக்கால் ஒண்ணையே புடுங்கிச் சாச்சுட்டான். என்ற வேலி! அத்துமீறி நொழைஞ்சான்னு அப்பவே ஒரு புகார் கொடுத்திருக்கலாம், வக்கீலு வேண்டாம்னுட்டான். மாமனை ரெண்டு கையில கொழந்தையைத் தூக்கற மாதிரித் தூக்கிக்கிட்டுப் போயிக் கார்ல போட்டான். "ஏறுக்கா"ன்னான். ஏறினேன். வேற என்ன பண்ண முடியும் அன்னிக்கு? 

முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க.

டாக்டர் சின்னப் பொண்ணு, உன்ற வயசுதான் இருக்கும். மருந்தைக் கொண்டாரச் சொல்லிப் பாத்துச்சு. "எங்கம்மா வச்சிருந்தீங்க?"ன்னுச்சு. சொன்னேன். "பஸ்ஸுக்குள்ளயா?"ன்னுச்சு. "இது வெறும் தண்ணிம்மா. ரெண்டு மாசமா இவர் ஊசியே போடாத மாதிரிதான்"னுச்சு. மருந்துக்கடையில பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருப்பாங்க. வேற எப்படி அப்படி ஆகும்? நான் கடைக்காரங்கிட்டச் சண்டைக்குப் போறேன்னேன். எங்க ஊட்டுக்காரரு படுத்தபடியே, "விடு துளசி"ன்னாரு. யமுனா அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு என்னை ஒரு பார்வை பாத்தா. பெத்தவளைப் பாக்கற பார்வையா அது? அன்னிக்கிருந்து அவ எனக்குப் போன் பண்றதில்லை. அவங்கப்பாவுக்குத்தான் பண்றா.

ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்பத்தான் அடுத்த கோளாறு. வாசப்படி பாத்தே இல்ல, மூணு படி, மொதப் படியே முழங்கால் ஒசரம். ஒத்தைக் கால்ல எப்படி ஏறுவாரு? ரபீக்கைக் கூப்பிட்டேன். வந்து அளந்து பாத்துட்டு, இரும்புல சாய்வா ஒரு பலகை அடிக்கலாம், ஆனா இருபதடி நீளம் வேணும், வாசல் இந்தப் பக்கம் இருக்கறதால அது உங்க தம்பி காட்டுக்குள்ள எட்டடி போகும், வேலியை எடுத்துட்டு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்கன்னான். வண்டியைத் திருப்பி நிறுத்தலாம்னா இஞ்சின் உசுரு போயி ரொம்ப நாளாச்சு.

வேலியை எடுக்கறதா? அவங்கிட்டக் கேக்கறதா?

"ஒரு வாரம் எங்க ஊட்டுல இருக்கட்டும்க்கா, தரையோட தரையா இருக்குது, சக்கர நாற்காலி போகும். நீயும் வா"ன்னான் அவன். நான் எப்படிப் போவேன்? நான் அந்தப் பக்கம் போனா இது காலியாக் கெடக்கும். காலியாக் கெடந்தா அனுபவம் போயிரும். அவரை மட்டும் அனுப்பினேன். ஒரு வாரம்னு சொன்னது. ஒன்பது மாசம் ஆச்சு.

கார்த்திகையில ஒருநாள் அவன் வேலிக்கு அக்கட்ட வந்து நின்னான். கையில ஒரு பேப்பர். "அக்கா, அப்பீலை வாபஸ் வாங்கிட்டேன். தடையும் போச்சு. கரண்டுக்கும் கையெழுத்துப் போட்டுட்டேன். நல்லதா ஒரு ஊடு கட்டு. மாமா அங்க உக்காந்து இந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டிருக்கறாரு, எனக்குத் தாங்கலை"ன்னு அழுகறான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கறே? பத்து வருஷம் அம்மிணி. அப்பீல்ல ஜெயிச்சு, அந்தத் தீர்ப்பை எடுத்துக்கிட்டு அவன் வாசல்ல போயி நிக்கோணும்னு இருந்தேன். அவனாப் பாத்து வாபஸ் வாங்கிக்கிட்டா அது ஜெயிச்சதாகுமா? அவன் விட்டுக் கொடுத்து நான் வாங்கிக்கிட்ட மாதிரி ஆயிப்போச்சு. ஊரு முழுக்க அவனைத்தான் நல்லவன்னு சொல்லுது. கரண்டு ஆபீசுக்காரங்க கம்பத்தோட வந்தாங்க. வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டேன். எனக்குச் சோலார் போதும். நீகூடச் சொன்னியே, அதுதான் இப்ப நாகரிகம்னு.

அதுக்கப்பறம் எங்க ஊட்டுக்காரரு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வர ஆரம்பிச்சாரு. அவன் நாற்காலியைத் தள்ளிக்கிட்டு வருவான். அன்னிக்குப் புடுங்கின கல்லுக்கால் பக்கத்துல ஒரு சந்து இருக்குது பாரு, அது வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்து அவன் நின்னுக்குவான். உள்ள வர மாட்டான், அந்த மட்டும் மரியாதை. அங்கிருந்து அவரே சக்கரத்தைக் கையால உருட்டிக்கிட்டு வருவாரு. கட்டி மண்ணு, நாலு எடத்துல மாட்டும். மூச்சு வாங்க வாங்க வந்து வாசல்ல நிப்பாரு. எளைச்சுப் போகலை, சொல்லோணும். அங்க நல்லாத்தான் பாத்துக்கறாங்க. சட்டை எல்லாம் தேச்சது.

மொத வாரம் வந்தப்ப நான் உள்ள நின்னுக்கிட்டிருந்தேன். கீழ இருந்து அண்ணாந்து பாத்தாரு.

"எறங்கி வா துளசி"ன்னாரு.

"நீங்க ஏறி வாங்க"ன்னேன்.

அவரால முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அவன் அங்க நின்னு பாத்துக்கிட்டிருக்கறானே. அவன் கண்ணு முன்னால நான் எறங்கினா என்ன அர்த்தம்? எறங்கிட்டாள்னு ஆயிருமில்ல? ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு பாத்தேன். கோவமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட நான் எறங்கியிருப்பேனோ என்னமோ. ஒண்ணும் சொல்லலை. அங்கயே அரை மணி நேரம் உக்காந்திருந்தாரு. நான் சோறாக்கற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு. அப்புறம் நாற்காலியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு.

அப்படியே வாராவாரம். வருவாரு, "எறங்கி வா துளசி"ம்பாரு. நான், "நீங்க ஏறி வாங்க"ம்பேன். உக்காந்திருந்துட்டுப் போவாரு. வர்ற அன்னிக்கு நான் வெடியாலயே குளிச்சுப்போடுவேன். அவருக்குப் புடிச்ச கொள்ளுப் பருப்பு கடைவேன், வாசனை கீழ வரைக்கும் போகும். ஒருக்கா ஒரு கிண்ணத்துல போட்டு சன்னல் வழியா நீட்டினேன். வாங்கிச் சாப்பிட்டாரு. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ற கையைக் கொஞ்ச நேரம் புடிச்சுக்கிட்டிருந்தாரு. அவ்வளவுதான்.

போன ஞாயித்துக்கிழமை வரலை.

வரலைன்னா ஒண்ணுமில்லை அம்மிணி, சனிக்கிழமை ரெண்டு தூத்தல் போட்டுச்சு. உங்கூர்ல பெஞ்சுதா? இங்க புழுதி அடங்கற அளவுக்குத்தான் போட்டுச்சு, ஆனா இது களிமண்ணு பூமி, லேசா நனைஞ்சாலே சக்கரத்துல அப்பிக்கும். அதான் வந்திருக்க மாட்டாரு. பருப்பு அப்படியே இருந்துச்சு, அடுத்த நாள் நானே சாப்பிட்டேன்.

நாளைக்கு ஞாயிறுதானே? மழை கிழை வராது. வானம் நல்லா வெளுத்துத்தான் கெடக்குது.